ஒரே புயல்தான்... இவருக்கு மட்டும் ஏன் ஆறவில்லை?

மனநலம்: கேள்வி - பதில்

ஐப்பசி நெருங்கினால் டெல்டாப் பகுதியிலிருந்து வரும் கடிதங்களில் புயல் பற்றிய பேச்சு கூடிவிடும். இந்த இதழுக்காக எடுத்துக்கொண்ட நான்கு கடிதங்களும் ஏறக்குறைய ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன. அதனால், சேர்த்தே பதில் சொல்கிறோம். எழுதியவர்களின் பெயர்களை வழக்கம்போல வெளியிடவில்லை.

''எங்களுக்கு மூன்று ஏக்கர் தென்னந்தோப்பு. கஜா புயலில் 210 மரங்களில் 190 மரங்கள் போய்விட்டன. நிவாரணம் வாங்கி, விழுந்த மரங்களை அகற்றிவிட்டுப் புதுக் கன்று வைத்தோம். அவை இப்போதுதான் பாளை விடுகின்றன. ஆனால், என் வீட்டுக்காரர் தோப்புப் பக்கமே போவதில்லை. காற்று கொஞ்சம் வேகமாக அடித்தாலும் எழுந்து உட்கார்ந்துகொள்கிறார். விடியும்வரை தூங்குவதில்லை. பக்கத்துத் தோப்புக்காரருக்கும் இதே அளவு நஷ்டம்தான். அவர் மறுவருஷமே ஊடுபயிராக நிலக்கடலை போட்டு எழுந்துவிட்டார். 'அவனுக்கும்தானே போச்சு, உன் புருஷன் மட்டும் ஏன் இப்படி உட்கார்ந்திருக்கான்?' என்று உறவுக்காரர்களே கேட்கிறார்கள். இது பயமா, சோம்பலா, வியாதியா?''
- வாசகி, பேராவூரணி வட்டம்.

சகோதரி, சோம்பல் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். கடிதத்தில் நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகள் மருத்துவரிடம் காட்ட வேண்டியவை. உங்கள் உறவினர்கள் கேட்ட கேள்விக்கும் பதில் இருக்கிறது. இரண்டு தோப்பிலும் விழுந்த மரங்களின் எண்ணிக்கை ஒன்றாக இருக்கலாம். இரண்டு மனிதர்கள் மீதும் விழுந்த அடி ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. 'கஜா பாதித்த மாவட்டங்கள்' என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறோம். ஆனால், ஒருவரின் மனசு எந்த அளவுக்கு அடிபட்டது என்பதை மாவட்டத்தை வைத்தோ, மர எண்ணிக்கையை வைத்தோ கணக்கிட முடியாது. நான்கு விஷயங்களைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

முதலாவது, உயிர் பயம். அன்று இரவு உங்கள் வீட்டுக்காரர் எங்கே இருந்தார்? மாடி வீட்டுக்குள்ளா, ஓட்டு வீட்டிலா, தோப்புக் கொட்டகையிலா? 'இன்றோடு சரி' என்று நினைத்த நேரம் ஏதாவது இருந்ததா?

இரண்டாவது, கண்ணால் பார்த்தது. யாராவது காயம்பட்டதை, இறந்ததை, மாடு மரத்தடியில் சிக்கிக் கிடந்ததை அவர் பார்த்தாரா? காப்பாற்ற முயன்று முடியாமல் போனதா?

மூன்றாவது, இழந்தது. இதில் பயிருக்குப் பயிர் வித்தியாசம் உண்டு. சம்பா நெல் போனால் ஒரு போகம் போகிறது; அடுத்த பட்டத்தில் மறுபடி விதைக்கலாம். தென்னை அப்படியல்ல. 45 நாளுக்கு ஒரு வெட்டு என்று வந்துகொண்டிருந்த வருமானம், கிட்டத்தட்ட மாதச் சம்பளம் மாதிரி. மரத்துக்கு 600 ரூபாயும், அதை வெட்டி அகற்ற 500 ரூபாயும் அரசு கொடுத்தது. நெட்டை ரகக் கன்று வைத்தால் காய்க்க ஆறு, ஏழு ஆண்டுகள் ஆகும். தாத்தா வைத்த மரமாக இருந்தால், போனது வருமானம் மட்டுமில்லை. தென்னங்கன்றைப் 'பிள்ளை' என்று சொல்கிற ஊர் நம்முடையது. அதை வைத்து வளர்த்தவருக்கு அந்த இழப்பு எப்படி இருக்கும் என்பதை வெளியாட்கள் எடை போட முடியாது.

நான்காவது, புயலுக்குப் பிறகு நீண்ட நாள்கள். பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அதன்பிறகு சொசைட்டிக் கடன், நகைக்கடன், பிள்ளைகளின் படிப்புச் செலவு. காற்று ஓர் இரவில் நின்றுவிட்டது. கடன் அப்படி நின்றிருக்காது. பக்கத்துத் தோப்புக்காரர் வீட்டில் வெளிநாட்டில் சம்பாதிக்கும் பிள்ளையோ, மாதச் சம்பளம் வாங்கும் மருமகளோ இருந்திருந்தால், அவருடைய ஏழு ஆண்டும் உங்களுடைய ஏழு ஆண்டும் வேறு வேறு.

இந்த நான்கிலும் அளவு கூடக் கூட மனப் பாதிப்புக்கான வாய்ப்பும் கூடும். பேரிடர்களுக்குப் பிறகு பல நாடுகளில் செய்யப்பட்ட ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரியவந்த விஷயம் இது. ஆர்மீனியாவில் 1988 டிசம்பரில் நிலநடுக்கம் வந்தது. அதன் மையத்திலிருந்து வெவ்வேறு தூரத்தில் இருந்த மூன்று நகரங்களின் பிள்ளைகளைப் பரிசோதித்தார்கள். மையத்துக்கு மிக அருகில் இருந்த ஸ்பிடாக் நகரில் பாதிப்பு மிக அதிகம், அடுத்து கியும்ரி, தொலைவில் இருந்த யெரெவானில் மிகக் குறைவு. நம் தமிழ்நாட்டிலும் சான்று இருக்கிறது. 2004 சுனாமிக்கு இரண்டு மாதம் கழித்து, ஒரு கடலோர மீனவக் கிராமத்தில் ஆய்வு செய்தபோது, சுமார் 13 சதவிகிதம் பேரிடம் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் நோய் இருந்தது. சுனாமியில் காயம்பட்டவர்கள், பெண்கள், குடும்பத்தில் வருமானமே இல்லாதவர்கள் ஆகியோரிடம் அது கூடுதலாக இருந்தது. வருமானம் இல்லாததும் அந்தப் பட்டியலில் இருப்பதைக் கவனியுங்கள். அலை அடித்த நாளின் வேகம் மட்டுமல்ல, அதற்குப் பிறகு அடுப்பு எரிந்ததா என்பதும் கணக்கில் வருகிறது.

விவசாயிக்குப் புரிகிற மாதிரி சொல்வதென்றால், சுனாமியில் கடல்நீர் புகுந்த வயல்களை நினைத்துப் பாருங்கள். ஒரே அலைதான். ஆனால், தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறியது, எத்தனை நாள் தேங்கியது, வடிகால் இருந்ததா என்பதைப் பொறுத்து ஒவ்வொரு வயலிலும் உப்பின் அளவு மாறியது. நல்ல மழையும் வடிகாலும் கிடைத்த வயல் சீக்கிரம் தேறியது. தண்ணீர் தேங்கி நின்ற வயலுக்குக் கூடுதலாகப் பாடுபட வேண்டியிருந்தது. அந்த வயலைப் பார்த்து 'சோம்பேறி நிலம்' என்று யாரும் சொல்லவில்லை.

பேரிடரில் சிக்கியவர்களில் பெரும்பாலானோருக்கு முதல் சில வாரங்கள் தூக்கம் கெடும், திடுக்கிடும், எதிலும் பிடிப்பு இருக்காது. அதிகம் பேர் நாளடைவில் தாமாகவே தேறிவிடுவார்கள். ஒரு மாதம் தாண்டியும் கீழ்க்கண்டவை தொடர்ந்தால் மருத்துவ உதவி தேவை.

* அந்த இரவு கண்முன் திரும்பத் திரும்ப வருவது, கெட்ட கனவு.
* அதை நினைவுபடுத்தும் இடத்தை, பேச்சை, ஆள்களைத் தவிர்ப்பது.
* காற்றுச் சத்தம், வானிலை அறிவிப்பு கேட்டாலே படபடப்பு, தூக்கமின்மை.
* எதிலும் ஆர்வமின்மை, அடிக்கடி எரிச்சல், குடி அதிகமாவது.

உங்கள் வீட்டுக்காரர் தோப்புக்குப் போகாமல் இருப்பது இரண்டாவது வகையாக இருக்கலாம். புதுக் கன்று பாளை விட்டதைப் பார்க்கப் போனால், பழைய மரங்கள் விழுந்து கிடந்த காட்சியும் கூடவே வரும். காற்றுக்கு எழுந்து உட்காருவது மூன்றாவது வகையாக இருக்கலாம். இது எந்த நோய், என்ன சிகிச்சை என்பதை நேரில் பார்த்த மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். மனச்சோர்வு நோயும் கூடவே இருக்கக்கூடும்.

ஏழு ஆண்டு ஆகிவிட்டதே என்று கவலைப்படாதீர்கள். தாமதமாகத் தொடங்கினாலும் சிகிச்சை பலன் தரும். இதற்கென்றே முறையான பேச்சுச் சிகிச்சை உண்டு. பயந்து தவிர்க்கும் விஷயங்களைப் படிப்படியாக எதிர்கொள்ளப் பழக்குவார்கள். தேவைப்பட்டால் மாத்திரையும் கொடுப்பார்கள். மனச்சோர்வுக்கான மாத்திரைகள் வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். பத்து நாளில் பலனில்லை என்று நிறுத்திவிடக் கூடாது. மருந்துக்கடையில் தூக்க மாத்திரையை நீங்களே கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் மனநல சிகிச்சை இலவசம். உங்களுக்குத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் எட்டும் தூரம்தான். 'மனநல டாக்டர்' என்றால் வர மறுப்பார் என்று நினைத்தால், 'தூக்கம் வராததற்குக் காட்டலாம்' என்று அழைத்துப் போங்கள். அது பொய்யும் இல்லை.

இன்னொன்றை நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லியாக வேண்டும். 'நான் இருந்து என்ன பிரயோஜனம்' என்ற மாதிரி அவர் பேசினால் காதில் வாங்காததுபோல இருந்துவிடாதீர்கள். 'சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?' என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அடக்கி வைத்திருந்ததைச் சொல்ல ஒரு வழி கிடைக்கும். 'ஆமாம்' என்றால் அவரைத் தனியாக விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். இப்போதே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வீட்டில் இருக்கும் பூச்சிக்கொல்லியை எல்லாம் அப்புறப்படுத்துங்கள். வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், வேறு இடத்தில் பூட்டி, சாவியை வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள்.

''புயலின்போது என் மகளுக்கு 7 வயது. இப்போது 14. எங்கள் வீட்டுக்குப் பெரிய சேதம் இல்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும், மழைக்காலம் வந்தால் தனியாகப் படுக்க மாட்டாள். அந்த மாதங்களில் படிப்பிலும் கவனம் இல்லை. 'உனக்கு என்ன ஆச்சு, வீடுகூட விழலையே' என்று கேட்டால் அழுகிறாள். செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டோமா?''
- வாசகர், வேதாரண்யம் வட்டம்.

செல்லத்துக்கும் இதற்கும் தொடர்பு இல்லை ஐயா. 'வீடுகூட விழலையே' என்ற கேள்வியை மட்டும் இனி விட்டுவிடுங்கள். அதற்கு வலுவான காரணம் இருக்கிறது.

ஒடிசாவில் 1999 அக்டோபர் 29 அன்று சூப்பர் புயல் அடித்தது. ஓராண்டு கழித்து, அங்கே பள்ளிப் பிள்ளைகளை மனநல மருத்துவர்கள் ஆய்வு செய்தார்கள். கடுமையாக அடிபட்ட பகுதியில் 43.7 சதவிகிதப் பிள்ளைகளுக்குப் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் இருந்தது. குறைவாக அடிபட்ட பகுதியில் 11.2 சதவிகிதம். கிட்டத்தட்ட நான்கு மடங்கு வித்தியாசம். அதே ஆய்வில், இந்த வீடு சேதமானதா, அந்தக் குடும்பத்தில் யாராவது இறந்தார்களா என்று தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தபோது, அந்த அளவுக்குத் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. ஊர் எவ்வளவு அடிபட்டது என்பதுதான் பிள்ளைகளிடம் தெரிந்தது.

யோசித்துப் பார்த்தால் இதில் ஆச்சரியம் இல்லை. பெரியவர்களுக்கு வீடு என்றால் நான்கு சுவர். பிள்ளைக்குத் தெருவும், பள்ளிக்கூடமும், கூட விளையாடிய பிள்ளையும், ஏறி விளையாடிய மரமும் சேர்ந்ததுதான் வீடு. உங்கள் வட்டம் புயல் கரை கடந்த இடத்தை ஒட்டியது. உங்கள் சுவர் நின்றிருக்கலாம். அவளுடைய ஊர் விழுந்ததை அவள் பார்த்திருப்பாள். அன்று இரவு அப்பாவும் அம்மாவும் பயந்ததையும் பார்த்திருப்பாள்.

அந்த ஆய்வில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. பிள்ளைகளுக்கு மனநலப் பிரச்னை இருப்பதாகப் பெற்றோரோ ஆசிரியரோ சொன்னது சுமார் 7 சதவிகிதப் பிள்ளைகளைப் பற்றி மட்டும்தான். பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பகுதியைப் பெரியவர்கள் கவனிக்கவே இல்லை. நீங்கள் கவனித்துவிட்டீர்கள். அதுவே பாதி வேலை.

மகளிடம் அந்த இரவைப் பற்றிச் சொல்லச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். அவளாகச் சொன்னால், இடையில் புகுந்து ஆறுதல் சொல்லாமல் முழுவதையும் கேளுங்கள். மழைக்காலத்தில் கூடத்தில் எல்லோரும் சேர்ந்து படுப்பதில் தவறில்லை. புயல் எச்சரிக்கை வந்தால் எங்கே போவோம், எதையெல்லாம் எடுத்துக்கொள்வோம் என்று அவளோடு உட்கார்ந்து பேசி, டார்ச் லைட், சான்றிதழ்ப் பை ஆகியவற்றை அவள் பொறுப்பில் விடுங்கள். 'என்னால் ஏதாவது செய்ய முடியும்' என்ற எண்ணம் பயத்தைக் குறைக்கும். படிப்பு கெடுகிற அளவுக்கு இருப்பதால், ஒருமுறை மனநல மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது.

''புயலன்று நான் சிங்கப்பூரில் வேலையில் இருந்தேன். நான்கு நாள்கள் அம்மா, அப்பாவுக்கு போன் போகவில்லை. ஊரில் இல்லாத எனக்கு என்ன கஷ்டம் என்று எல்லோரும் கேட்பார்கள் என்பதால், யாரிடமும் சொன்னதில்லை. இப்போது ஊரோடு வந்துவிட்டேன். ஆனாலும், அந்த நான்கு நாள்கள் மனசைவிட்டுப் போகவில்லை.''
- வாசகர், பட்டுக்கோட்டை வட்டம்.

தம்பி, நேரில் சிக்கியவர்களுக்கே பாதிப்புக்கான வாய்ப்பு அதிகம் என்பது பொது விதி. அதற்காக, தூரத்தில் இருந்தவருக்குப் பாதிப்பே இல்லை என்று ஆகிவிடாது. பெற்றவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்றே தெரியாமல் நான்கு நாள் கழிப்பது சின்ன விஷயமில்லை. அதோடு 'நான் அங்கே இல்லையே' என்ற குற்ற உணர்வும் சேர்ந்துகொள்கிறது. டெல்டாவில் எத்தனையோ வீடுகளில் பிள்ளைகள் வெளிநாட்டில்தான் இருந்தார்கள். இதே பாரத்தைச் சுமப்பவர்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள்.

அந்த நான்கு நாள்களைப் பற்றி அம்மா, அப்பாவிடம் பேசியிருக்கிறீர்களா? அவர்களும் 'பிள்ளை அங்கே தவித்திருப்பானே' என்று சொல்லாமலே வைத்திருக்கலாம். முதலில் அந்தப் பேச்சைத் தொடங்குங்கள். தூக்கமோ, வேலையோ கெடுகிறது என்றால், 14416 என்ற எண்ணில் பேசுங்கள்.

''நாங்கள் 20 பேர் கொண்ட உழவர் குழு நடத்துகிறோம். புயல் வந்தால் மரம், மாடு, வீடு எல்லாவற்றுக்கும் கணக்கெடுக்கிறோம். மனப் பாதிப்புக்கு எங்களால் என்ன செய்ய முடியும்? நாங்கள் யாரும் டாக்டர் இல்லையே?''
- வாசகர், ஒரத்தநாடு வட்டம்.

நல்ல கேள்வி. டாக்டர் செய்யும் வேலை வேறு, ஊர் செய்ய வேண்டிய வேலை வேறு. ஊர் செய்யக்கூடியவை இவை.

1. சேதக் கணக்கு எழுதும் நோட்டிலேயே இன்னொரு பக்கம் ஒதுக்குங்கள். இடிபாட்டில், வெள்ளத்தில் சிக்கிப் பிழைத்தவர் யார், காயம்பட்டவர் யார், உறவை இழந்தவர் யார், தனியாக வாழ்பவர் யார், வருமானம் முழுக்க நின்றுபோன வீடு எது, ஏற்கெனவே மனநலச் சிகிச்சையில் இருப்பவர் யார் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒருவர் பெயர் இரண்டு, மூன்று இடங்களில் வந்தால், அவர் வீட்டுக்கு முதலில் போங்கள். அந்தப் பக்கம் ஊர் முழுக்கச் சுற்ற வேண்டாம். பொறுப்பான இரண்டு பேரிடம் இருந்தால் போதும்.

2. முதல் வாரத்தில் பாதுகாப்பான இடம், சாப்பாடு, குடிநீர், செல்போன் சார்ஜ் செய்ய ஒரு ஜெனரேட்டர், சரியான தகவல் ஆகியவையே மனசுக்கும் முதலுதவி. என்ன நடந்தது என்று எல்லோரையும் உட்கார வைத்துச் சொல்லச் சொல்லாதீர்கள். பேச விரும்புபவர் பேசட்டும், நீங்கள் கேளுங்கள். 'விதி', 'உயிர் பிழைத்ததே பெரிசு', 'அவனைப் பார், எழுந்துட்டான்' ஆகிய மூன்றும் உதவாத பேச்சுகள்.

3. நோட்டில் குறித்த வீடுகளுக்கு ஒரு மாதம், மூன்று மாதம், ஓராண்டு கழித்து மறுபடி போங்கள். நிவாரண லாரி வருவது முதல் மாதத்தில்தான். கடன்காரர் வருவது அதற்குப் பிறகு.

4. நிவாரண மனு எழுதுவது, கிராம நிர்வாக அலுவலரைப் பார்ப்பது, வங்கியில் கடன் தவணையைத் தள்ளிவைக்கக் கேட்பது ஆகியவற்றுக்குக் கூடவே ஓர் ஆள் போங்கள். இதையும் மனநல உதவியாகவே எண்ணுங்கள். புயலின் வேகத்தை நம்மால் குறைக்க முடியாது. அதற்குப் பிறகு நீளும் கஷ்டத்தைக் குறைக்க முடியும்.

5. புயல் எச்சரிக்கை வந்தவுடன் முற்றிய தேங்காய், இளநீர்க் குலைகள், கனத்த மட்டைகளை இறக்கிவிடுங்கள். தென்னை மரக் காப்பீட்டுத் திட்டம் பற்றி இப்போதே வேளாண் அலுவலகத்தில் விசாரித்து வையுங்கள். போன முறை அடிபட்டவர்களையும் இந்த வேலைகளில் சேர்த்துக்கொள்ளுங்கள், அவர்கள் விரும்பினால் மட்டும்.

6. யாராவது உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றுவிட்டால், போலீஸ் கேஸ் ஆகும் என்று பயந்து மருத்துவமனைக்குத் தாமதிக்காதீர்கள். 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், அப்படி முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதுகிறது. தண்டிக்கச் சொல்லவில்லை.

உதவிக்கு: மத்திய அரசின் 'டெலி மானஸ்' மனநல உதவி எண் 14416. 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104. இந்த இரண்டு எண்களையும் பால் சொசைட்டி, ரேஷன் கடை, உரக்கடைச் சுவர்களில் மழைக்கு முன்பே எழுதி வையுங்கள்.

அடுத்த இதழில்: கடன் நோட்டீஸ் வந்த வீட்டில் பிள்ளைகளிடம் என்ன சொல்வது? இதுபற்றி உங்கள் கேள்விகளை எழுதி அனுப்புங்கள். பெயர் வெளியிடப்படாது.